முதலில் தாங்கினார், பிறகுதான் உபதேசம்

ஓம் சரவணபவ!

போன வருஷம் ஒரு ராத்திரி, நம்ம குரூப்ல இருக்கிற ஒரு தம்பி எனக்குத் தனியா மெசேஜ் போட்டான். "அண்ணா, ஆறு நாள் சஷ்டி விரதம் இருந்தேன். ஒண்ணும் மாறல. இனி இருந்து என்ன ஆகப்போகுது?" நான் "கவசம் படி தம்பி, அப்பன் பார்த்துப்பான்"னு அனுப்பிட்டுத் தூங்கிட்டேன். மறுநாள் அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான். முருகன் அருளால் பிழைத்துக்கொண்டான். பார்க்கப் போனப்போ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான்: "நீங்க போன் பண்ணுவீங்கன்னு பார்த்தேண்ணா."

அன்றிலிருந்து அருணகிரிநாதர் வரலாறு எனக்கு வேறு மாதிரி புரிகிறது.

நோயும் குற்ற உணர்ச்சியும் வாட்ட, திருவண்ணாமலையில் அவர் உயிரை விடத் துணிந்தார். முருகன் கையில் தாங்கிக் காப்பாற்றினார். அங்கே கோபுரத்து இளையனார் சன்னதியில் நிற்கும்போது இந்த வரிசையைக் கவனியுங்க. முதலில் தாங்கினார். பிறகுதான் உபதேசம். அதன்பின் "பாடு" என்று வாழ்வதற்கு ஒரு காரணமும் தந்தார். நான் தாங்கவே இல்லை, உபதேசம் மட்டும் செய்தேன்.

ஆனா ஒன்று. முருகன் வந்து பிடிக்கிறாரா என்று சோதித்துப் பார்ப்பதற்கான கதை இல்லை இது. இன்று அவர் கை, பக்கத்தில் இருக்கிற மனுஷங்க கையாகத்தான் வரும்.

லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியாரும் இதைக் கண்டார். உயிரை விட நினைப்பவர்கள் பேசுவதற்காக 1953-ல் தன் சர்ச்சில் ஒரு தொலைபேசி சேவை தொடங்கினார். நேரில் வந்து காத்திருந்தவர்களுக்கு டீ கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்தது சாதாரணத் தொண்டர்கள். அவர்களிடம் பேசியதிலேயே பலருக்கு மனம் லேசாகிவிட்டது. அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பாக வளர்ந்தது. காது கொடுத்துக் கேட்க சாமியாராக இருக்க வேண்டியதில்லை.

அப்போ நாம என்ன செய்யணும்?

1. மெசேஜோடு நிறுத்தாதீங்க. உடனே போன் பண்ணுங்க, முடிந்தால் நேரில் போங்க.

2. "உயிரை விடணும்னு தோணுதா?"ன்னு நேராகவே கேளுங்க. கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்டால்தான் அவங்க மனம் திறப்பாங்க.

3. "கர்மவினை", "பாவம்", "உன் பக்தி போதல" என்று சொல்லாதீங்க. ஏற்கெனவே நொந்த மனசு அது.

4. தனியாக விடாதீங்க. "யார்கிட்டயும் சொல்லாதே"ன்னு கேட்டாலும், நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்லுங்க. டாக்டரிடம் கூட்டிப் போங்க.

இதைப் படிக்கிற உனக்கே அப்படித் தோணுதா? உன் பக்தியில் குறை எதுவும் இல்லை. இப்பவே யாரையாவது கூப்பிடு. டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். சென்னை சினேகா 044-24640050.

அந்தத் தம்பி இப்போ ஒழுங்கா மாத்திரை சாப்பிடுறான். செவ்வாய்க்கிழமை கோயிலுக்கும் வர்றான். ரெண்டுமே முருகன் கொடுத்ததுதான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!