நெல்லிவாசலுக்குள் ஒரு வெனிலா

ஜவ்வாது மலையில் திருப்பத்தூர் மாவட்டப் பக்கம் இருக்கிறது நெல்லிவாசல்நாடு. அந்தப் பெயரில் ‘நாடு’ என்பதை விட்டுவிட்டு மீதியை ஆங்கிலத்தில் எழுதினால் பத்து எழுத்து வரும்: என், இ, எல், எல், ஐ, வி, ஏ, எஸ், ஏ, எல். இதற்குள் எத்தனை ஆங்கிலச் சொற்கள் ஒளிந்திருக்கின்றன என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். நெயில், செயில், லேன் எல்லாம் உடனே வந்துவிடும். நத்தையைக் குறிக்கும் ஸ்னெயிலும் கொஞ்சம் தாமதமாக ஊர்ந்து வரும். அதோடு பெரும்பாலோர் பேனாவை மூடிவிடுவார்கள். சாமைக்கும் தேனுக்கும் பேர்போன மலையின் ஊர்ப்பெயருக்குள் ‘வெனிலா’ முழுசாக உட்கார்ந்திருப்பது கண்ணில் படுவதே இல்லை.

எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தால் கிடைக்காதா? கிடைக்கும், ஆயுள் போதாது. மூன்று எல், இரண்டு ஏ இருக்கும் இந்தப் பத்தை 3,02,400 விதமாக அடுக்கலாம். ஏழு வெவ்வேறு எழுத்துகள் என்றாலே 5,040 வரிசை. கணினி செய்கிற வேலையை மனிதர் செய்ய வேண்டாம். ஆங்கிலச் சொற்களுக்கென்று சில குணங்கள் உண்டு, அவற்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

இந்த விளையாட்டில் பல மாலைகளைத் தொலைத்த இக்கட்டுரையாளர் முதலில் செய்வது, எழுத்துகளை வரிசை கலைத்து வட்டமாக எழுதுவது. நேர்வரிசையில் எழுதினால் ‘நெல்லிவாசல்’ என்றே கண் வாசித்துக்கொண்டிருக்கும், வேறு எதுவும் தெரியாது. பிறகு உயிரெழுத்துகளைத் தனியே பிரித்துவைக்க வேண்டும். இங்கே ஏ இரண்டு, இ ஒன்று, ஐ ஒன்று. அடுத்து முரண்டு பிடிக்கும் எழுத்து எது என்று தேட வேண்டும். இந்தக் கூட்டத்தில் அது வி. ஆங்கிலத்தில் வி-யில் முடியும் சொல் அபூர்வம், பின்னால் ஓர் இ ஒட்டிக்கொள்ளும். வி-யையும் இ-யையும் ஜோடியாகப் பிடித்தால் லிவ், அலைவ், ஸ்லேவ் வரிசையாக வரும். இல்லையென்றால் வி-யை முன்னால் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

கடைசியாக இரட்டை எழுத்து. ஒரே எழுத்து இரண்டு முறை வரும் சொல்லை மனம் எளிதில் நினைப்பதில்லை, அதைக் கைதான் செய்ய வேண்டும். இரண்டு எல்லை ஒட்டிவைத்து ஒரே எழுத்தாகப் பாவியுங்கள். முன்னால் ஐ போட்டால் ‘இல்’. அதற்கு முன்னால் வி-யையும் பின்னால் ஏ-யையும் சேர்த்தால் வில்லா. அதே வி-க்கும் ஐ-க்கும் நடுவே ஏ, என் இரண்டையும் செருகினால் வெனிலா. ஒதுக்கிவைத்த எஸ்ஸை வாலில் ஒட்டினால் எட்டெழுத்து.

எஸ்ஸை எப்போதும் கடைசிவரை கையில் வைத்திருப்பது நல்லது. ஸ்கிராபிள் என்ற சொல்லாட்டத்தை வடிவமைத்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ் பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் டைல்களைப் பங்கிட்டார். மொத்தம் 100 டைல், அதில் இ மட்டும் 12. எஸ்ஸுக்கோ நான்குதான். பன்மையாக்கிப் பன்மையாக்கி எல்லோரும் எளிதில் புள்ளி அள்ளிவிடக் கூடாது என்ற கஞ்சத்தனம். இது ஏதோ வெளிநாட்டார் பொழுதுபோக்கு என்றும் நினைக்க வேண்டாம். 2014-ல் தமிழக அரசின் தலைமைச் செயலாளராக இருந்த மோகன் வர்கீஸ் சுங்கத் தேர்ந்த ஸ்கிராபிள் ஆட்டக்காரர்.

எழுத்துகள் அத்தனையும் கச்சிதமாகப் பொருந்திவிட்டால் விடை சரிதானா? இதற்கு இதே மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்தின் துறையிலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. 1977 மார்ச் மாதம் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது, அந்தக் கோளுக்கு வளையம் உண்டு என்பதற்கான தடயம் கிடைத்த இடங்களில் காவலூரும் ஒன்று. இன்று இப்படி ஒன்று கிடைத்தால் உடனே அறிவித்துவிடுவார்கள். 1610-ல் கலிலியோ அப்படிச் செய்யவில்லை. சனிக்கோள் மூன்றாகத் தெரிகிறது என்ற லத்தீன் வாக்கியத்தின் 37 எழுத்துகளைக் கலைத்துப்போட்டுச் சக அறிஞர்களுக்கு அனுப்பினார். கண்டது தாம்தான் என்பதற்கு அது முன்பதிவு. கெப்ளர் அதோடு மல்லுக்கட்டி, செவ்வாய்க்கு இரண்டு துணைக்கோள் என்று பொருள்படும் ஒரு வரியை உருட்டி எடுத்தார். அவருடைய லத்தீன் கொஞ்சம் கரடுமுரடுதான், ஆனாலும் 37 எழுத்தும் ஒன்று விடாமல் பொருந்துகின்றன. பூமிக்கு ஒரு நிலா, வியாழனுக்கு நான்கு என்றால் நடுவில் உள்ள செவ்வாய்க்கு இரண்டு இருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். எதிர்பார்த்தது கிடைத்ததும் தேடலை நிறுத்திவிட்டார். வேடிக்கை என்னவென்றால், 1877-ல் செவ்வாய்க்கு உண்மையிலேயே இரண்டு துணைக்கோள்கள் அகப்பட்டன!

சின்ன அளவில் இது நமக்கும் நடக்கும். இ, ஐ, எல், வி என்ற நான்கே எழுத்துகளில் லிவ், ஈவில், வைல், வெய்ல் என நான்கு சொற்கள் உண்டு. முதலில் வந்ததோடு நின்றால் மற்ற மூன்றும் போச்சு. கணினி நிரல்கள் இந்தச் சிக்கலை அழகாகத் தீர்க்கின்றன. அகராதியின் ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கி எழுதிக்கொள்கின்றன. ஒரே வரிசை வந்தால் ஒரே குடும்பம்.

செயலியில் தேடுபவர்கள் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்த எழுத்துகள் மட்டும் வர வேண்டும் என்பது ஒரு கேள்வி. இவை கட்டாயம் வர வேண்டும், மற்றவையும் வரலாம் என்பது வேறு கேள்வி. ஸ்கிராபிள் முதல் வகை. 2021-ல் ஜாஷ் வார்டில் வெளியிட்ட வேர்டில் இரண்டாம் வகை. அங்கே வராத எழுத்துகளைக் கழிப்பதுதான் பாதி ஆட்டம்.

நம் ஊர்ப்பெயர்களில் ஆடும்போது இன்னொரு தொல்லை, ஸ்பெல்லிங். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கோவையை மாற்றி ஆணையிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. ஜவ்வாது மலையையே நான்கைந்து விதமாக எழுதுகிறார்கள். ஆட்டத்துக்கு முன்பே ஏதாவது ஒன்றை முடிவு செய்துகொள்வது சண்டையைத் தவிர்க்கும். மலையின் திருவண்ணாமலைப் பக்கம் உள்ள ஜமுனாமரத்தூரை யு-வில் தூர் போட்டு எழுதினால் 14 எழுத்து, நான்கு ஏ. அதில் எம், ஏ, எச், ஏ நான்கையும் சேர்த்துவைத்தால் அதன் பின்னால் மகாராஜாவும் வருவார், மகாத்மாவும் வருவார். ஆங்கில அகராதியில் இருவருக்கும் இடம் உண்டு. ஆனால் இருவரையும் ஒரே நேரத்தில் உட்காரவைக்க முடியாது, எச் ஒன்றுதான் இருக்கிறது.