புதிய அடுக்குமாடி வீடுகளும் விற்பனைத் தேக்கமும்

நமது நகரங்களில் வீடின்றி வாடுவோரும் விற்பனையாகாத வீடுகளும் ஒருங்கே காணப்படுவது பொருளாதார மாணவர்கள் ஆராய வேண்டிய ஒரு முரண்பாடாகும். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, நகர்ப்புறங்களில் சுமார் 1 கோடியே 11 இலட்சம் கட்டடங்கள் காலியாக இருந்தன. ஆனால், 2012-இல் மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை ஏறத்தாழ 1 கோடியே 88 இலட்சமாக மதிப்பிட்டது. இதில் 95 சதவிகிதத்திற்கும் மேற்பட்டது நலிந்த பிரிவினரையும் குறைந்த வருவாய்ப் பிரிவினரையும் சார்ந்ததாகும். தேவை என்பது வேறு. வாங்கும் ஆற்றலுடன் கூடிய தேவை என்பது வேறு. இந்த அடிப்படை வேறுபாட்டை மனத்திற் கொண்டே, மந்தமான காலத்தில் புதிய வீடுகளின் விற்பனைக்கு எவை துணைபுரிகின்றன என்பதை ஆராய வேண்டும்.

தேக்கத்தை அளத்தல்

விற்காத வீடுகளின் எண்ணிக்கை மட்டும் தேக்கத்தின் அளவைக் காட்டிவிடாது. அதனை மாத விற்பனையால் வகுக்க வேண்டும். ஓர் ஊரில் 600 வீடுகள் விற்காமல் இருந்து, மாதம் 20 வீடுகள் விற்பனையானால், இருப்பு தீர 30 மாதங்கள் ஆகும். மாத விற்பனை 40 ஆக உயர்ந்தால் 15 மாதங்கள் போதும். விற்பனை வேகமே இங்கு உயிர்நாடி என்பது இதனால் விளங்கும்.

விலைக் குறைப்பும் அதன் தயக்கமும்

காய்கறிச் சந்தையில் சரக்குத் தேங்கினால் மாலைக்குள் விலை இறங்கிவிடும். வீட்டுச் சந்தையில் அவ்வாறு நிகழ்வதில்லை. அறிவித்த விலையைக் குறைத்தால், முன்பு வாங்கியவர்கள் முறையிடுவர். கடன் கொடுத்த நிறுவனம் ஈட்டின் மதிப்பைக் குறைத்து மதிப்பிடும். புதிதாக வாங்க வருபவரோ மேலும் இறங்கட்டும் எனக் காத்திருப்பார். எனவே கட்டுநர்கள் விலையை அப்படியே வைத்துக்கொண்டு, வாகன நிறுத்துமிடம், சமையலறை அமைப்பு போன்ற மறைமுகச் சலுகைகளை நாடுகின்றனர்.

ஆயினும் காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஒரு வீட்டில் 40 இலட்சம் ரூபாய் முடங்கியிருப்பதாகக் கொள்வோம். 12 சதவிகிதத் தனிவட்டியில் ஈராண்டுச் சுமை 9 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாய் ஆகும். தொடக்கத்திலேயே 5 இலட்சம் குறைத்து விற்பது பல வேளைகளில் இலாபகரமானது என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

மாதத் தவணையின் பங்கு

சம்பளம் பெறும் குடும்பம் வீட்டின் மொத்த விலையைவிட மாதத் தவணையையே முதலில் கருதுகிறது. 20 ஆண்டுகளில் செலுத்தும் 40 இலட்சம் ரூபாய்க் கடனுக்கு, 9 சதவிகித வட்டியில் தவணை சுமார் 36,000 ரூபாய். 7 சதவிகிதத்தில் சுமார் 31,000 ரூபாய். அதாவது, அதே 36,000 ரூபாய்த் தவணையைக் கொண்டு 46 இலட்சத்திற்கும் மேல் கடன் பெற முடியும். 2019 பிப்ரவரியில் 6.50 சதவிகிதத்திலிருந்து இறங்கத் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம், 2020 மே மாதத்தில் 4 சதவிகிதத்தை எட்டியது. வங்கிகளின் புதிய வீட்டுக் கடன்களை வெளிச் சுட்டுவிகிதத்துடன் இணைக்கும் முறை 2019 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்ததால், இக்குறைப்பின் பயன் கடன் பெறுவோரை விரைவாகச் சென்றடைந்தது.

எல்லாக் கடன் சலுகைகளும் நன்மை பயப்பன அல்ல. முன்பணமாக 20 சதவிகிதம் மட்டும் பெற்று, எஞ்சியதை வங்கிக் கடனாகக் கட்டுநருக்கு முன்கூட்டியே வழங்கும் முறையால், கட்டடம் எழும் முன்பே கடன் எழுந்துவிட்டது. கட்டுமானத்தின் படிநிலைகளையொட்டியே கடனை வழங்குமாறு ரிசர்வ் வங்கி 2013-இல் அறிவுறுத்தியது. கட்டுநர் வட்டியை ஏற்கும் கடன் திட்டங்களைத் தவிர்க்குமாறு தேசிய வீட்டுவசதி வங்கியும் 2019-இல் கேட்டுக்கொண்டது.

வரிச் சலுகையின் எல்லை

மகாராஷ்டிர அரசு 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை முத்திரைத் தீர்வையை 5 சதவிகிதத்திலிருந்து 2 சதவிகிதமாகவும், 2021 ஜனவரி முதல் மார்ச் வரை 3 சதவிகிதமாகவும் குறைத்தது. மும்பையில் 2020 டிசம்பரில் மட்டும் 19,000-க்கும் மேற்பட்ட ஆவணங்கள் பதிவாயின. அடுத்த மாதமே அந்த எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. காலவரையறையுள்ள சலுகை, தயங்குவோரை முடிவெடுக்கத் தூண்டுகிறது. ஆனால் அவ்விற்பனையின் ஒரு பகுதி, பின்னர் நிகழவேண்டியது முன்னரே நிகழ்ந்ததாகும்.

நம்பிக்கை என்னும் முதல்

வாடகை ஒருபுறமும் தவணை மறுபுறமும் செலுத்திக்கொண்டு, முடிவுறாத கட்டடத்தைப் பார்த்து நிற்கும் குடும்பத்தின் நிலையைக் கண்ட எவரும், எழும்பிக்கொண்டிருக்கும் வீட்டை எளிதில் வாங்கத் துணியமாட்டார். தில்லியை அடுத்த நொய்டா பகுதியில் பல்லாயிரம் குடும்பங்கள் இந்நிலைக்கு ஆளாயின. ஆம்ரபாலி குழுமத்தின் நின்றுபோன திட்டங்களை நிறைவு செய்யும் பணியை, 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அரசுத் துறை நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் ஒப்படைக்க நேர்ந்தது.

2017 மே முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இக்குறையை நீக்க முற்பட்டது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவிகிதத்தைத் தனிக் கணக்கில் வைத்தல், எழுத்து வடிவ ஒப்பந்தமின்றி 10 சதவிகிதத்திற்கு மேல் முன்பணம் பெறாமை, கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்தாண்டுப் பொறுப்பு ஆகியன அதன் முக்கிய விதிகள். நின்றுபோன திட்டங்களுக்கு நிதியளிக்க 2019 நவம்பரில் 25,000 கோடி ரூபாய் இலக்குடன் ஸ்வாமி நிதியம் அறிவிக்கப்பட்டது. முடிவுற்ற வீடு அடுத்த வீட்டிற்கு விளம்பரமாகிறது. நின்றுபோன வீடோ சுற்றிலுமுள்ள நேர்மையான கட்டுநரின் விற்பனையையும் கெடுத்துவிடுகிறது.

நரேலா தரும் பாடம்

வீட்டை முடித்துவிட்டால் மட்டும் போதுமா? தில்லி வளர்ச்சி ஆணையம் நகரின் வடகோடியில் நரேலாவில் கட்டிய வீடுகள் இதற்கு விடையளிக்கின்றன. 2014 திட்டத்தில் ஒதுக்கீடு பெற்றவர்களுள் பலர் வீடுகளைத் திருப்பி அளித்தனர்; 2017 திட்டத்தில் அத்தகைய வீடுகளே பெரும்பகுதியாக மீண்டும் விற்பனைக்கு வந்தன. அறைகள் சிறியவை, போக்குவரத்துக் குறைவு, பணியிடங்கள் தொலைவு என்பனவே வாங்குவோர் கூறிய காரணங்கள். ரிதாலாவிலிருந்து நரேலா வழியாகக் குண்ட்லி வரை செல்லும் மெட்ரோ பாதைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது 2024 டிசம்பரில்தான். பாதை முன்னும் வீடு பின்னுமாக வரவேண்டிய வரிசை இங்கு தலைகீழாயிற்று.

முடிவுரை

ஆகவே, தாங்கக்கூடிய தவணை, தெளிவான வரி, குறித்த காலத்தில் ஒப்படைப்பு, தேவைக்கேற்ற அளவு, நீரும் போக்குவரத்தும் அமைந்த இடம் ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன. முதலிரண்டும் விற்பனையை விரைவுபடுத்தும். ஏனைய மூன்றுமே அதனை நிலைபெறச் செய்யும். தேக்கத்தைக் கண்டவுடன் தீர்வைக் குறைப்பை நாடும் அதிகாரிகள், அவ்வூரில் விற்காமல் நிற்பவை எத்தகைய வீடுகள், வீடு தேடி நிற்பவர் எத்தகைய குடும்பங்கள் என்பதை முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது நலம். ஒரு கோடி ரூபாய் வீட்டிற்கு அளிக்கும் சலுகை, பத்து இலட்ச ரூபாய் வீட்டைத் தேடுபவரின் தலைக்கு மேல் கூரையாகிவிடாது.