பிபிபி0-வில் பாக்கெட் காணோமா?

லினக்ஸ் ரவுட்டரில் நெட் தகராறு செய்தால் பலரும் முதலில் எடுப்பது டிசிபிடம்ப். 1988-ல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் எழுதப்பட்ட கருவி, இன்றும் அசராமல் நிற்கிறது. ஆனால் பாயின்ட்-டு-பாயின்ட் இணைப்பில், அதாவது பிபிபியில், அது காட்டாததை வைத்து ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

நம்பிக்கை: ஈத்0-வில் ‘போர்ட் 53’ என்று ஃபில்டர் போட்டேன், ஒன்றும் வரவில்லை. ஆகவே டிஎன்எஸ் கேள்வியே வெளியே போகவில்லை.

உண்மை: போயிருக்கலாம், ஃபில்டர் பார்த்த இடம்தான் தவறு. சாதாரண ஈதர்நெட் ஃபிரேமில் வகையைச் சொல்லும் புலத்தில் ஐபிவி4-க்கு 0800 என்ற பதினாறெண் இருக்கும். ஈதர்நெட் ஃபிரேமுக்குள் பிபிபியை வைத்து அனுப்பும் பிபிபிஓஇ இணைப்பில் அங்கே 8864 இருக்கும். அதன்பின் பிபிபிஓஇ தலைப்பு 6 பைட், பிபிபி தலைப்பு 2 பைட், அதற்கப்புறம்தான் ஐபி. வெறும் ‘போர்ட் 53’ இந்த ஃபிரேமை ஐபி என்றே எண்ணாமல் தள்ளிவிடும். ‘பிபிபிஓஇஎஸ் அண்ட் போர்ட் 53’ என்று எழுதினால் எல்லாம் வரும். ‘பிபிபிஓஇஎஸ்’ என்ற சொல், தனக்குப் பின்னால் வரும் நிபந்தனைகள் அனைத்துக்கும் பைட் கணக்கைத் தள்ளி வைத்துவிடும். அதனால் நீளமான ஃபில்டரில் அதை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம்.

நம்பிக்கை: அந்தத் தலைவலியே வேண்டாம், பிபிபி0-வில் பிடித்தால் லைனில் ஓடுவது முழுக்கத் தெரியும்.

உண்மை: ஐபி பாக்கெட்டுகள் தெரியும். எல்சிபி, ஐபிசிபி, கடவுச்சொல் சரிபார்ப்பு போன்ற பிபிபியின் சொந்தப் பேச்சுவார்த்தை தெரியாது. அவற்றை கர்னல் நேராக பிபிபிடி நிரலிடம் கொடுத்துவிடுகிறது, இன்டர்ஃபேஸ் பக்கமே அவை வருவதில்லை. எதிர்முனை எல்சிபி எக்கோவுக்குப் பதில் தராமல் பிபிபிடி இணைப்பைத் துண்டித்தால், பிபிபி0-வில் நீங்கள் பார்ப்பது திடீர் மௌனம் மட்டுமே. காரணம் வேண்டுமென்றால் பிபிபிடியின் ‘டீபக்’ பதிவைப் பாருங்கள், அல்லது கீழே இருக்கும் ஈத்0-வில் பிடியுங்கள். இணைப்பு அறுந்தால் பிபிபி0 மறைந்து, அதோடு உங்கள் பிடிப்பும் முடிந்துவிடும். அடிக்கடி அறுகிற லைனுக்கு ஈத்0-தான் லாயக்கு.

நம்பிக்கை: பிபிபி0 பிடிப்பில் மேக் முகவரி இல்லை, ஏதோ ‘லினக்ஸ் குக்டு’ என்கிறது. டிரைவர் கோளாறு.

உண்மை: கோளாறு இல்லை. இரண்டே முனை உள்ள கம்பியில் மேக் முகவரிக்கும் ஏஆர்பிக்கும் வேலையே இல்லை. டிசிபிடம்ப் பயன்படுத்தும் லிப்பிகேப் நூலகம் தானே 16 பைட் போலித் தலைப்பு ஒன்றை ஒட்டித் தருகிறது. ‘ஈதர் ஹோஸ்ட்’ ஃபில்டரை அங்கே போடாதீர்கள், அவ்வளவுதான்.

நம்பிக்கை: டிசிபிடம்பில் பாக்கெட் வந்துவிட்டது, ஆக ஃபயர்வால் விட்டுவிட்டது.

உண்மை: உள்ளே வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப் ஐபிடேபிள்ஸுக்கு முன்பே பார்த்துவிடும், வெளியே போவதை அதற்குப் பின்புதான் பார்க்கும். வாசலில் நிற்கும் கேமராவில் பதிவானவர் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டார் என்று சொல்ல முடியுமா? இதே வரிசையால் இன்னொரு குழப்பமும் உண்டு. உள் கம்ப்யூட்டரின் 192.168.1.20-ஐக் கொடுத்து பிபிபி0-வில் தேடினால், நாட் இருக்கும் ரவுட்டரில் ஒன்றும் கிடைக்காது. போகும்போது முகவரி மாறிய பிறகு பதிவாகிறது, பதில் வரும்போது திரும்ப மாறுவதற்கு முன் பதிவாகிறது. உள் முகவரியை உள் இன்டர்ஃபேஸில்தான் தேட வேண்டும்.

நம்பிக்கை: கடைசியில் ‘கர்னல் கைவிட்டவை’ என்று ஓர் எண் வந்தது. லைனில் பாக்கெட் இழப்பு.

உண்மை: இல்லை. டிசிபிடம்பின் பஃபர் நிரம்பி, பிடிப்பில் விட்டுப்போனவை அவை. பஃபரைப் பெரிதாக்குங்கள், பெயர் தேடலை நிறுத்துங்கள்.

நம்பிக்கை: பிங் போகிறது, லைனில் குறையில்லை.

உண்மை: இதுதான் அதிகம் ஏமாற்றுவது. லினக்ஸ் பிங் வழக்கமாக அனுப்பும் தரவு 56 பைட். பிபிபிஓஇ தன் 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் 1500 என்ற எம்டியு 1492 ஆகிவிடுகிறது. தரவு 1464 பைட் என்றால், 28 பைட் தலைப்பு சேர்ந்து சரியாக 1492. துண்டாக்கத் தடை போட்டு 1464-ஐயும் 1472-ஐயும் அனுப்பிப் பாருங்கள், முன்னது போகும், பின்னது போகாது. சில தளங்கள் திறந்தும் சில பாதியில் தொங்கியும் நின்றால் பிபிபி0-வில் ‘சின்’ பாக்கெட்டைத் திறந்து எம்எஸ்எஸ் எண்ணைப் படியுங்கள். ஐபிவி4-க்கு 1452 இருக்க வேண்டும். 1460 என்றிருந்தால் ரவுட்டர் அதைக் குறைக்கவில்லை, ஐபிடேபிள்ஸில் டிசிபிஎம்எஸ்எஸ் விதியைச் சேர்க்க வேண்டும்.

யாரிடமாவது உதவி கேட்கும்போது வெறும் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பாதீர்கள். எந்த இன்டர்ஃபேஸ், எந்த ஃபில்டர் என்று தெரியும்படி முழுக் கட்டளை வரியையும் சேர்த்து அனுப்புங்கள்.