இசைக்குழுவைக் காத்த ஏந்தல்

மேலைநாட்டு இசையரங்கில் வியத்தகு காட்சி ஒன்று உண்டு. வயலின், செல்லோ முதலிய நரம்புக் கருவிகளையும், புல்லாங்குழல், கொம்பு முதலிய துளைக் கருவிகளையும், முரசு முதலிய தோற்கருவிகளையும் ஏந்தி எழுபது எண்பது கலைஞர்கள் வரிசையாக அமர்ந்திருப்பர். அவர்கள் முன்னே, சிறு மேடையொன்றின்மேல் ஒருவர் நிற்பார். அவர் கையில் கருவி ஏதும் இராது. மெல்லிய கோல் ஒன்றே இருக்கும். அவர் ஓர் ஒலியும் எழுப்புவதில்லை. ஆயினும், அரங்கில் எழும் ஒலி முழுவதும் அவர் குறிப்பின் வழியே எழும். அவர் குறிப்பின் வழியே அடங்கும். அவரே இசை நடத்துநர்.

கலைஞர் ஒவ்வொருவர் முன்னும் அவரவர் இசைக்க வேண்டிய பகுதி மட்டுமே எழுதி வைக்கப்பட்டிருக்கும். எல்லாப் பகுதிகளும் ஒருங்கே எழுதப்பெற்ற முழு ஏடு நடத்துநரிடம் இருக்கும். வலக்கையின் கோல் காலத்தைக் காட்டும்; இடக்கை, ஒலி பெருகுவதையும் குறைவதையும் உணர்த்தும். ஆனால், அரங்கில் நாம் காண்பது அவர் பணியில் ஒரு சிறு கூறேயாகும். கலைஞர்களைத் தேர்ந்தெடுத்தல், பயிற்றுதல், ஓருள்ளம் உடையவராக ஆக்குதல் ஆகியவையே அவருடைய பெரும்பணி. சிதைந்து கிடந்த குழு ஒன்றைத் திரட்டி, அதற்கு உயிர் தந்து, இருபத்தைந்து ஆண்டுகள் கட்டிக் காத்த நடத்துநர் ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம். அவர் சர் ஜான் பார்பிரோலி என்னும் ஆங்கிலேயர்.

பார்பிரோலி 1899ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் இத்தாலியர், தாயார் பிரெஞ்சு நாட்டினர். பிறப்பாலும் வளர்ப்பாலும் அவர் இலண்டன் நகரத்தவரே. தந்தையாரும் பாட்டனாரும் வயலின் கலைஞர்கள். மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கில், வெர்டி என்னும் இசைமேதையின் ‘ஒத்தெல்லோ’ இசைநாடகம் 1887ஆம் ஆண்டு முதன்முதலாக அரங்கேறியபோது, அவ்விருவரும் அங்கே வயலின் வாசித்தனர். அன்று அதே குழுவில் செல்லோ வாசித்த இளைஞர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் டாஸ்கனினி. பிற்காலத்தில் உலகம் போற்றும் இசை நடத்துநரானவர் அவரே.

குடும்ப வழக்கப்படி சிறுவர் ஜானும் வயலின் கற்கத் தொடங்கினார். ஆனால், அவர் ஓரிடத்தில் நின்று பயில்வதில்லை; வாசித்துக்கொண்டே வீடு முழுவதும் உலவுவார். இதனைக் கண்டு பொறுமை இழந்த பாட்டனார், செல்லோ ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அது முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, அமர்ந்தே வாசிக்க வேண்டிய பெரிய கருவி. உலவும் கால்களைக் கட்டுவதற்காக வந்த அக்கருவியே அவர் வாழ்வின் போக்கை வகுத்தது. சிறு வயதிலேயே அவர் இலண்டன் குயின்ஸ் ஹால் அரங்கில் செல்லோ வாசித்தார். பின்னர் இராயல் இசைக் கல்விக்கழகத்தில் பயின்று, 1916ஆம் ஆண்டு குயின்ஸ் ஹால் இசைக்குழுவில் இடம் பெற்றார்.

முதல் உலகப் போரின் இறுதிக்காலத்தில் அவர் படையிற் சேர்ந்தார். படைவீரர்கள் தமக்குள் அமைத்துக்கொண்ட சிறு இசைக்குழுவை நடத்தும் வாய்ப்பு அங்கேதான் அவருக்கு முதன்முதலாகக் கிட்டியது.

போர் முடிந்தபின், 1919ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நடந்த நிகழ்ச்சி ஒன்று கருதத்தக்கது. இங்கிலாந்தின் பெருமைமிக்க இசைப் புலவராகிய எல்கார், செல்லோவுக்கென இயற்றிய பேரிசைப் படைப்பு அன்று அரங்கேறியது. எல்காரே குழுவை நடத்தினார். செல்லோ வாசிப்போர் வரிசையில் பத்தொன்பது வயதுப் பார்பிரோலியும் இருந்தார். அன்றைய நிகழ்ச்சியின் பிற பகுதிகளை நடத்தியவர் பயிற்சிக்குரிய நேரத்தின் பெரும்பகுதியைத் தாமே எடுத்துக்கொண்டார். எல்காரின் படைப்புக்குப் போதிய பயிற்சி கிடைக்கவில்லை. ஆகவே, அரிய அப்படைப்பு அரங்கேறிய நாளிலேயே சோர்வுற்றது. எத்துணை உயர்ந்த இசையாயினும் பயிற்சியின்றேல் பாழாகும் என்பதனை இளைஞர் பார்பிரோலி கண்ணாரக் கண்டார்.

1924ஆம் ஆண்டு அவர் சிறிய நரம்பிசைக் குழு ஒன்றை அமைத்து நடத்தலானார். 1926இல் இசைநாடகக் குழு ஒன்று அவரை அழைத்துக்கொண்டது. 1927ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், தாமஸ் பீச்சம் என்னும் புகழ்பெற்ற நடத்துநர் நோயுற்றமையால், இலண்டன் சிம்பொனி இசைக்குழுவை நடத்தும் பொறுப்பு பார்பிரோலியிடம் வந்தது. எல்காரின் இரண்டாம் சிம்பொனியை அவர் அதுவரை நடத்தியதில்லை. நீண்டதும் நுணுக்கம் மிக்கதுமாகிய அவ்வேட்டை இரண்டே நாளில் கற்று, மேடை ஏறினார். அந்நாள் முதல் அவர் பெயர் எங்கும் பரவிற்று. இசைத்தட்டு நிறுவனத்தாரும் அவரை நாடி வந்தனர்.

1933இல் ஸ்காட்லாந்து இசைக்குழுவின் தலைமை அவருக்குக் கிடைத்தது. 1936இல் அமெரிக்காவின் நியூயார்க் பில்ஹார்மோனிக் குழு அவரை அழைத்தது. முப்பத்தாறு வயதுடைய ஒருவர், யாருடைய இடத்தில் சென்று நின்றார்? தந்தையோடும் பாட்டனாரோடும் மிலான் நகரில் ஒன்றாக வாசித்த அந்த டாஸ்கனினியின் இடத்திலே! டாஸ்கனினியின் இசையில் தோய்ந்திருந்த செய்தித்தாள் திறனாய்வாளர் சிலர் இளையவரைக் கடுமையாகத் தாக்கி எழுதினர். பார்பிரோலி அவர்களோடு சொற்போர் புரியவில்லை; தம் பணியைத் தொடர்ந்து செய்தார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. குண்டுகள் இங்கிலாந்தைச் சிதைத்த காலத்தில், கடலுக்கு அப்பால் தாம் மட்டும் நலமாக இருத்தல் அவர் உள்ளத்தை உறுத்தியது. 1942இல், பகைவரின் நீர்மூழ்கிக் கப்பல்கள் திரிந்த அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து தாய்நாடு வந்து, சில வாரங்கள் இசை நிகழ்ச்சிகள் நடத்திச் சென்றார். அடுத்த ஆண்டு, மான்செஸ்டர் நகரத்து ஹாலே இசைக்குழுவின் தலைமையை ஏற்குமாறு அவருக்கு அழைப்பு வந்தது. நியூயார்க்கின் வளத்தையும் பெருமையையும் விடுத்து, அவ்வழைப்பை ஏற்றார்.

ஹாலே குழு, சார்லஸ் ஹாலே என்பவரால் 1858இல் தொடங்கப்பெற்ற பழம்பெருமை வாய்ந்தது. அதன் இருப்பிடமாகிய ஃப்ரீ டிரேட் ஹால் என்னும் பேரரங்கம் 1940ஆம் ஆண்டு விமானக் குண்டுவீச்சில் அழிந்திருந்தது. 1943ஆம் ஆண்டு ஜூன் தொடக்கத்தில் மான்செஸ்டர் வந்திறங்கிய பார்பிரோலி, அரங்கம் மட்டுமன்று, குழுவும் அழியும் நிலையில் இருந்ததைக் கண்டார். கலைஞர் பலர் ஹாலே குழுவிலும், பி.பி.சி. வானொலியின் வடபுலக் குழுவிலும் ஒருங்கே பணி செய்து வந்தனர். இரண்டில் ஒன்றையே தேர்ந்துகொள்ள வேண்டும் என்னும் நிலை வந்தபோது, அவர்களிற் பெரும்பாலோர் வானொலியைத் தேர்ந்துகொண்டனர். போர்க்காலத்தில் நிலையான ஊதியத்தை நாடியவர்களைக் குறை கூறுதல் முறையன்று. ஆயினும், அதன் விளைவாக, எழுபதின்மர் இருக்க வேண்டிய ஹாலே குழுவில் முப்பதின்மர்கூட எஞ்சவில்லை. இசை நிகழ்ச்சிகளோ முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தன. முதல் நிகழ்ச்சிக்கு ஏறக்குறைய ஒரு திங்களே இருந்தது.

வேறொருவராயின், ‘இது நம்மால் ஆகாது’ என்று திரும்பியிருப்பர். பார்பிரோலி கலங்கினார், ஆனால் திரும்பவில்லை. தேர்ந்த கலைஞர்கள் பலர் படையில் இருந்தனர். ஆகவே, இசை பயின்றவர் யாராயினும் வரலாம் என்று கதவைத் திறந்து வைத்தார். நாள்தோறும் பலரை வாசிக்கச் செய்து கேட்டார். அவர்களுடைய வயதையோ தொழிலையோ முன்னைய புகழையோ அவர் பொருட்படுத்தவில்லை. அவர்கள் எழுப்பும் இசையையே நோக்கினார். பள்ளி மாணவன் ஒருவன் முதல் புல்லாங்குழல் கலைஞனானான். பள்ளி ஆசிரியை ஒருவர் கொம்பு ஊத வந்தார். மான்செஸ்டர் வட்டாரத்துப் பித்தளை வாத்தியக் குழுக்களிலிருந்தும் படைக் குழுக்களிலிருந்தும் சிலர் வந்தனர். இவர்களுட் பலர் சிம்பொனிக் குழுவில் ஒருநாளும் அமர்ந்தறியாதவர்கள். இத்தகையோரைக் கொண்டே எழுபது பேர் அடங்கிய குழுவை உருவாக்கினார். காலை முதல் மாலை வரை பயிற்றினார். ஜூலைத் தொடக்கத்தில், பிராட்ஃபோர்டு நகரில், புதுப்பிறவி எடுத்த ஹாலே குழு மேடை ஏறியது. கேட்டோர் வியந்தனர்.

அரங்கம் இன்மையால், சர்க்கஸ் நடைபெறும் வட்டரங்கிலும் அக்குழு இசைத்தது. தொழிலாளர் வாழும் ஊர்களுக்கெல்லாம் சென்றது. 1944ஆம் ஆண்டு இறுதியில் ஐரோப்பாவில் போர்முனைக்கு அணித்தாகச் சென்று படைவீரர்களுக்கு இசை விருந்தளித்தது.

இவ்வெற்றியின் அடிப்படை யாது? அயராத உழைப்பேயாகும். நரம்புக் கருவி வாசிப்போரின் வில் ஓரிடத்தில் மேலேறவும் மற்றோரிடத்தில் கீழிறங்கவும் வேண்டும். அனைவர் வில்லும் ஒன்றுபோல் இயங்கினால்தான் ஒலி ஒன்றாகும். இக்குறிகளைப் பிறரிடம் விடாது, பார்பிரோலி தாமே அமர்ந்து ஏடுகளிற் பொறித்துக் கொடுப்பார். செல்லோ வரிசையில் ஒருவராக இருந்தவராதலின், வாசிப்போரின் இடர்ப்பாடு அவருக்கு நன்கு தெரியும். மாலரின் ஒன்பதாம் சிம்பொனியை 1954இல் முதன்முதலாக நடத்துவதற்குமுன், பல திங்கள் அவ்வேட்டில் ஆழ்ந்து, பன்முறை குழுவைப் பயிற்றினார். பத்தாண்டு கழித்து, 1964இல், புகழ்மிக்க பெர்லின் பில்ஹார்மோனிக் குழுவினர் அவர் தலைமையில் அதே சிம்பொனியை இசைத்தட்டாகப் பதிவு செய்தனர்.

1949இல் அவருக்குச் ‘சர்’ பட்டம் வழங்கப்பெற்றது. பி.பி.சி. சிம்பொனிக் குழு முதலிய செல்வம் மிக்க குழுக்கள் அவரை அழைத்தன. அவரோ, தாம் வளர்த்த குழுவை விட்டு நீங்க மனம் கொள்ளவில்லை. பிற நாடுகளுக்கு விருந்தினராகச் சென்றார். 1961 முதல் 1967 வரை அமெரிக்காவின் ஹியூஸ்டன் குழுவுக்கும் தலைமை தாங்கினார். எனினும் மான்செஸ்டருக்கே மீண்டும் மீண்டும் வந்தார். 1951இல் ஃப்ரீ டிரேட் ஹால் புதுப்பிக்கப்பெற்றுத் திறந்தபோது, ஹாலே குழு தன் பழைய மனைக்கு மீண்டது. வான் வில்லியம்ஸ் என்னும் இசைப் புலவர் தம் எட்டாம் சிம்பொனியைப் பார்பிரோலிக்கே உரிமையாக்கினார். அது 1956இல் மான்செஸ்டரில் அரங்கேறியது.

1965ஆம் ஆண்டு இலண்டனில் ஓர் இசைத்தட்டு பதிவாயிற்று. ஜாக்குலின் டு பிரே என்னும் இருபது வயது நங்கை செல்லோ வாசித்தார். பார்பிரோலி இலண்டன் சிம்பொனிக் குழுவை நடத்தினார். இசைத்ததோ, 1919இல் பயிற்சியின்றிச் சோர்ந்த அதே எல்காரின் படைப்பு. அன்று வரிசையில் ஒருவராக அமர்ந்து வருந்தியவர், நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப்பின் அதற்கு உரிய சிறப்பைத் தேடித் தந்தார். அவ்விசைத்தட்டை இன்றும் உலகம் போற்றிக் கேட்கிறது.

1968இல் அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். ஆயினும் கோலைக் கீழே வைக்கவில்லை. 1970ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29ஆம் நாள் அவர் மறைந்தார். அதற்குச் சில நாள் முன்னரும் கிங்ஸ் லின் நகரத்து இசைவிழாவில் ஹாலே குழுவை நடத்தினார்.

1996இல் மான்செஸ்டரில் எழுந்த பிரிட்ஜ்வாட்டர் ஹால் என்னும் புதிய பேரரங்கமே இன்று ஹாலே குழுவின் இருப்பிடம். அதன் அருகே உள்ள சதுக்கம் பார்பிரோலியின் பெயர் தாங்கி நிற்கிறது. அந்த அரங்கிலே கருவிகள் இன்றும் ஒலிக்கின்றன. அன்று அவர் திரும்பிச் சென்றிருப்பின், ஒலிப்பதற்கு அக்குழு இருந்திராது. தம் குரல் கேட்கப்பட வேண்டும் என்று விரும்புவோர் பலர். பிறருடைய இசை ஓங்கி ஒலிப்பதற்காகத் தாம் ஒலியின்றி நின்று உழைப்போர் சிலரே. அச்சிலருள் ஒருவராய் விளங்கினார் பார்பிரோலி.