நடந்து படிக்கும் பாடம்: நெடுந்தீவின் பாதைகள்



1990ஆம் ஆண்டு தொடங்கித் தீவுப்பகுதி மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தார்கள். 2009இல் போர் முடிந்தபோது, ஊரைக் காணாத ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது. அவர்களிற் பலர் இன்று தாமே பெற்றோர். "எங்கட காணி எங்கே?" என்று அவர்களுடைய பிள்ளைகள் கேட்டால் உறுதியை எடுத்துக் காட்டலாம். ஆனால் உறுதியில் என்ன இருக்கிறது? கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாருடைய காணி என்று எல்லைகள் எழுதப்பட்டிருக்கும். அந்த ஒழுங்கையைக் காட்ட ஆளில்லாவிட்டால் உறுதி வெறும் தாளாகிவிடும். ஆகவே இந்தப் பாடத்தை நாம் கால்களால் படிக்கப் போகிறோம்.

பிறர் செய்தது

வேல்ஸ் நாட்டிலே பிளேனவன் என்றொரு நிலக்கரி ஊர் உண்டு. அங்கிருந்த பெரிய சுரங்கம் 1980இல் மூடப்பட்டது. 1983இல் அதே சுரங்கம் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. முன்பு அங்கே கரி வெட்டியவர்களே வழிகாட்டிகளாக நின்று, தாம் செய்த வேலையை விளக்கினார்கள். 2000ஆம் ஆண்டில் அந்த நிலப்பரப்பு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. தொழில் போன பின்பும் தொழிலாளியின் அறிவு பெறுமதியுள்ளதாயிற்று. நமது உழவரின் அறிவும் அவ்வாறானதே.

நாம் காணவேண்டியவை

குறிகட்டுவானில் படகேறி மாவிலித்துறையில் இறங்குகிறோம். இந்தக் கடல்வழியிலேதான் 1985 மே 15இல் குமுதினிப் படகில் சென்ற பயணிகள் பலர் கொல்லப்பட்டார்கள். அவர்களை நினைத்துச் சற்றே மௌனமாக நின்று நடையைத் தொடங்குவது தகும்.

வைத்தியசாலைக்குப் பின்னே, கடற்கரையில் முருகைக்கல்லாற் கட்டிய கோட்டை சிதைந்து நிற்கிறது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்தின் சின்னம் அது. ஒல்லாந்தர் நமது தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். அவற்றுள் 'டெல்வ்ற்' என்னும் பெயரே இன்றும் பரவலாக வழங்குகிறது. புறாக்கூடு, பெருக்கமரம், வெளிகளில் மேயும் மட்டக்குதிரைகள் ஆகியவையும் வெளியார் தொடர்பை நினைவூட்டுவன. பெருக்கமரத்தின் தாயகம் ஆபிரிக்கா. மேற்கே உள்ள இடிபாட்டை வெடியரசன் கோட்டை என்று மக்கள் வழிவழியாகச் சொல்வார்கள். வழக்காறு வேறு, சான்று வேறு. இரண்டையும் குறித்துக்கொள்வோம், ஒன்றோடொன்று கலக்காதிருப்போம்.

ஆனால் பார்வையாளர் படமெடுத்துக்கொண்டு கடந்துபோகும் கல்வேலிகளே நமக்குப் பெரிய பாடம். சுண்ணாம்புச் சாந்து இல்லாமல், கல்லின் மேற் கல்லாக அடுக்கிய வேலிகள் அவை. நிலத்திற் கிடந்த கல்லைப் பொறுக்கியதால் மண் பயிருக்கு உதவிற்று. பொறுக்கிய கல்லை அடுக்கியதால் ஆடுமாடு உள்ளே வராமல் தடைப்பட்டது, கடற்காற்றும் தணிந்தது. ஓர் உழைப்பில் பல பயன். இந்தக் கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோனால் வேலி மட்டுமா அழியும்? காணியின் எல்லையும் அழியும்.

அடுத்தது நீர். சாராப்பிட்டியின் பழைய கிணறுகளைப் பாருங்கள். தீவிலே மழைநீர் நிலத்தடியில் உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. ஆழமாகத் தோண்டினாலோ, இயந்திரத்தால் அளவுக்கு மீறி இறைத்தாலோ உவர் மேலேறிவிடும். ஆழமற்ற கிணறும் அளவான இறைப்பும் முன்னோரின் அறியாமையல்ல, கணக்கு.

2015இல் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எந்த வெளியில் யார் மேய்த்தார்கள், எந்தப் பாதையால் மாடு நீருக்குச் சென்றது என்பதை மக்கள் எழுதி வைத்திருந்தால்தான் அதிகாரிகளோடு அமர்ந்து பேசமுடியும்.

செய்முறை

1. முதியவர் ஒருவர், நடுவயதினர் ஒருவர், பிள்ளைகள் இருவர் என்று சிறு குழுவாகச் சேருங்கள்.
2. வெயில் ஏறுமுன் புறப்படுங்கள், குடிநீர் கொண்டுசெல்லுங்கள்.
3. முதியவர் முன்னே நடக்கட்டும். ஒழுங்கை, கிணறு, கேணி, வெளி ஒவ்வொன்றின் பெயரையும் பிள்ளைகள் எழுதட்டும்.
4. வீடு திரும்பியதும் பெரிய தாளில் வரைபடம் வரைந்து, காணி உறுதியோடு ஒப்பிடுங்கள்.
5. ஊருக்குப் போக முடியாதவர்கள் இருக்குமிடத்திலேயே முற்றத்து மண்ணில் ஊரை வரையலாம். ஒருவர் மறந்ததை மற்றவர் சொல்வார்.
6. கல்லைப் பெயர்க்கவேண்டாம், மரத்திற் பெயர் வெட்டவேண்டாம்.

குழுவில் கலந்துரையாட

- உங்கள் காணியின் நான்கு எல்லைகளையும் வீட்டில் எத்தனை பேர் சொல்வார்கள்?
- உங்கள் ஊரில் பெயர் மறைந்துவரும் பாதை எது? அதை அறிந்தவர் யார்?
- அவரை இந்த மாதத்தில் யார் போய்ச் சந்திப்பது?

மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயரையும் ஒரு நாளையும் குறித்த பின்பே கூட்டத்தை முடியுங்கள். கல் காத்திருக்கும், முதியவர் காத்திருக்கமாட்டார்.