முகாம் நடத்த விரும்பும் தங்கைக்கு



பெண்களுக்கான நலவாழ்வு முகாம் நடத்துவதையே தொழிலாக்கிக்கொள்ள ஆசைப்படுகிறாய். ஏலகிரியில் இடம் பார்ப்பதா, கோவளம் பக்கம் பார்ப்பதா என்பதுதான் இப்போது உன் யோசனை. இடத்தைக் கடைசிக்குத் தள்ளிவை என்பேன். வருகிறவளுக்கு எதைக் கற்றுக்கொடுத்து அனுப்பப்போகிறாய் என்பதில்தான் இந்தத் தொழிலின் உயிர் இருக்கிறது.

ஓய்வு தேவையா என்று யாரும் கேட்க முடியாது. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். தினமும் ஐந்து மணி நேரம் அடுப்படியிலும் துவைக்கிற கல்லிலும் கழிப்பவளை உட்காரவைத்துச் சோறு பரிமாறினாலே முகம் தெளிந்துவிடும். ஊர் திரும்பிய பிறகு அந்தத் தெளிவு எத்தனை நாள் தாங்கும்? கலிஃபோர்னியாவில் ஒரு விடுதியில் 94 பெண்களை 6 நாள் தங்கவைத்துச் செய்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் வெறுமனே விடுமுறை கழித்தார்கள்; இன்னொரு பகுதியினர் புதிதாகத் தியானம் பழகினார்கள்; மற்றவர்கள் ஏற்கெனவே தியானம் செய்து வந்தவர்கள். முகாம் முடிந்தபோது எல்லோருமே தேறியிருந்தார்கள். பத்து மாதம் கழித்துப் பார்த்தபோது, விடுமுறை மட்டும் கழித்தவர்களைவிடப் புதிதாகத் தியானம் பழகியவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாக இருந்தன. சிறிய ஆய்வு, அதுவும் உடல்நலமுள்ள பெண்களை வைத்துச் செய்தது. அதற்கு மேல் அதை இழுக்கக் கூடாது. ஆனால் வீட்டுக்கு எடுத்துப்போக ஏதாவது இருந்தால்தான் பலன் நிற்கும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

இடம் கடைசியில் வரட்டும் என்பதற்கு டெபோரா செக்கேலியின் கதையைத் தேடிப் படி. 1940-இல், பதினெட்டு வயதில், கணவர் எட்மண்டுடன் சேர்ந்து மெக்ஸிகோவின் டெகாட்டேயில் ராஞ்சோ லா புவெர்டா என்ற நலவாழ்வு முகாமைத் தொடங்கினார். வாரத்துக்கு 17.50 டாலர் கட்டணம். கூடாரத்தை விருந்தாளியே கொண்டுவர வேண்டும். அங்கே கிடைத்தது உடற்பயிற்சி, மலை நடை, தோட்டத்துச் சாப்பாடு, உடல்நலம் பற்றிய சொற்பொழிவு. கலிஃபோர்னியாவில் 'கோல்டன் டோர்' என்ற ஆடம்பர இல்லத்தை அவர் திறந்தது பதினெட்டு ஆண்டு கழித்து, 1958-இல். ராஞ்சோ இன்றும் நடக்கிறது.

அப்படியானால் எதைக் கற்பது? யோகா, இயற்கை மருத்துவம், பிசியோதெரபி, மனநல ஆலோசனை என எதுவாகவும் இருக்கட்டும். ஆனால் ஆழமாகக் கற்றுக்கொள். யோகா-இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பு பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டு. சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. 200 மணி நேர யோகா ஆசிரியர் சான்றிதழ் வாசல்படிதான். முகாமுக்கு வரும் பெண் நிரப்பும் படிவத்தை நினைத்துப் பார். கிளாக்கோமா உள்ளவளைத் தலைகீழாக நிறுத்தக் கூடாது. கர்ப்பப்பை இறங்கியவளைக் குதிக்கவைக்கக் கூடாது. பிரசவத்தில் விலகிய வயிற்றுத் தசை சேராதவளுக்குப் படுத்து எழும் பயிற்சி கெடுதல். படிவத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரியாதவள், மலைமுகட்டில் மாளிகை கட்டினாலும் ஆபத்தானவள்தான். சமையலறையும் அப்படியே. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவர்களுக்கு 'டீடாக்ஸ்' என்று மூன்று நாள் வெறும் ஜூஸ் கொடுப்பது கொடுமை. முருங்கைக்கீரைப் பொரியலோடு எலுமிச்சைச் சாறு கொடு, சாப்பிட்டவுடன் காபி, டீ வேண்டாம் என்று காரணத்தோடு சொல். அவளே வீட்டில் தொடர்ந்து செய்வாள். மாதவிடாய்க் கோளாறைக் குணப்படுத்துவோம், குழந்தைப்பேறு தருவோம் என்றெல்லாம் நோட்டீஸ் அடிக்காதே. அத்தகைய மருந்து விளம்பரங்களுக்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை போட்டிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது பொய்.

இதெல்லாம் வசதியுள்ள பெண்களின் பொழுதுபோக்குதானே என்று உன் தோழிகளே கேட்பார்கள். இன்றைய விலையைப் பார்த்தால் அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குத் தீர்வு தொழிலைக் கைவிடுவதா? ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கின்றன. வாடகையில் பேரம் பேசலாம். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-இல் தருமபுரியில் தொடங்கி இன்று ஊர்தோறும் இருக்கின்றன. ஆள் திரட்டும் வேலை பாதி முடிந்த மாதிரி. அவர்களுக்கு அந்த மண்டபங்களில் ஒருநாள் முகாம் போடு. ஒன்றை மட்டும் மறக்காதே: குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்யாத முகாமுக்கு இளம் தாய்மார் வர முடியாது. அந்தச் செலவைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடு.

வருமானம் வருமா என்ற கேள்வி இன்னும் கடினமானது. ஆண்டுக்கு நாலைந்து முகாமை நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது. வாரந்தோறும் நடக்கும் வகுப்புதான் சோறு போடும். அந்த மாணவிகள்தான் முகாமுக்கும் வருவார்கள், அக்கம்பக்கத்துப் பெண்களையும் அழைத்து வருவார்கள். ஆகவே இப்போது நிலத்துக்கு முன்பணம் கொடுக்காதே. அந்தப் பணத்தில் படி. படிப்பு முடிந்ததும் உன் தெருவிலேயே பத்துப் பெண்களுக்கு வகுப்பைத் தொடங்கிவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா