சர்வீஸ் எஸ்டிமேட்டுக்கு ஓகே சொல்லும் முன்

காரை கம்பெனி சர்வீஸுக்கு விட்டால் மதியத்துக்குள் ஒரு போன் வரும். "சார், பிரேக் பேட் தேஞ்சிருக்கு, த்ராட்டில் பாடி க்ளீன் பண்ணணும், ஏசி ட்ரீட்மென்ட்டும் பண்ணிடலாம். எல்லாம் சேர்த்து இவ்வளவு வருது, ஓகேவா?" அந்தப் பட்டியலில் தள்ளிப்போடவே கூடாத வேலையும் இருக்கும், தேவையே இல்லாத வேலையும் இருக்கும். ஒவ்வொன்றையும் சொல்வது யார் என்று பாருங்கள். மேனுவல் சொல்கிறதா, அளந்து பார்த்த அளவு சொல்கிறதா, சர்வீஸ் அட்வைசர் மட்டும் சொல்கிறாரா? முதல் இரண்டுக்கும் தயங்காமல் பணம் கொடுக்கலாம். மூன்றாவதை வீட்டுக்கு வந்து யோசித்தால் போதும்.

1. ஓனர்ஸ் மேனுவலில் பராமரிப்பு அட்டவணை இருக்கிறது. சர்வீஸுக்கு முந்தைய நாளே அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து வையுங்கள். எத்தனை கிலோமீட்டரில் எதைச் சோதிக்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று அதில் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். 'சோதிக்க' என்று இருக்கும் இடத்தில் எஸ்டிமேட் 'மாற்ற' என்று சொன்னால், சோதித்ததில் என்ன தெரிந்தது என்று கேளுங்கள். ஸ்பார்க் பிளக்கில் இது அடிக்கடி நடக்கும். இரிடியம் பிளக் சாதாரண நிக்கல் பிளக்கைவிட வெகுதூரம் ஓடும். உங்கள் வண்டியில் எது இருக்கிறது, மேனுவல் எத்தனை கிலோமீட்டர் சொல்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முந்துகிறதோ அதுவே கணக்கு. பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே நிற்கும் காருக்கும் ஆண்டுக்கொரு முறை ஆயில் மாற்றுவது வீண்செலவு ஆகாது.

2. ஃப்ரீ சர்வீஸில் லேபர் மட்டும்தான் இலவசம். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் பணம் உண்டு. அதையும் மீறி லேபர் என்று பெரிய தொகை வந்தால், மேனுவலில் இல்லாத ஏதோ ஒரு வேலை உள்ளே நுழைந்திருக்கிறது என்று பொருள்.

3. ஆயில் வரியில் இரண்டு விஷயம் பாருங்கள்: கிரேடு, அளவு. பல சிறிய பெட்ரோல் கார்களுக்கு 3 முதல் 4 லிட்டருக்குள்தான் பிடிக்கும். சரியான அளவு மேனுவலில் இருக்கிறது. பில்லில் அதைவிடக் கூடுதலாக இருந்தால் கேளுங்கள். 0டபிள்யூ-20 போடச் சொன்ன எஞ்சினுக்கு வேறு கிரேடு ஆயிலை, விலை கூடியது என்பதற்காக 'நல்ல ஆயில்' என்று சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

4. பிரேக் பேடுக்கு ஒரே ஒரு கேள்வி: எத்தனை மில்லிமீட்டர் மிச்சம்? புதிய பேடில் தேயும் பாகம் சுமார் 10 மி.மீ. கனம் இருக்கும். 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் பேரம் பேசாமல் மாற்றிவிடுங்கள். பாதிக்கு மேல் இருந்தால், அடுத்த சர்வீஸில் மறுபடி அளந்து பார்க்கச் சொல்லலாம். 'தேஞ்சிருக்கு' என்று வாயால் சொன்னால் போதாது. அளவுகோல் வைத்த ஃபோட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நிஜமாகவே தேய்ந்திருந்தால் தயங்காமல் அனுப்புவார்கள்.

டயருக்கும் இதே வழிதான். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்தால் 1.6 மி.மீ.தான் மிச்சம், மாற்றியே ஆக வேண்டும். பேட்டரி என்றால் டெஸ்ட் ரிசல்ட்டைக் கேளுங்கள். முழு சார்ஜில், வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்ற பிறகு, 12.6 வோல்ட் காட்ட வேண்டும். புதிது வாங்கும் முன், பழையதற்கு வாரண்டி மிச்சம் இருக்கிறதா என்று கார்டைத் தேடிப் பாருங்கள்.

5. பிரேக் ஆயிலை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக் சூடேறி, உள்ளே ஆவி உண்டானால், பெடல் மெத்தென்று கீழே போய்விடும். பல வண்டிகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். அதற்காகும் செலவு, தேவையில்லாத ஒரு ட்ரீட்மென்ட்டைவிடக் குறைவாகவே இருக்கும். கூலன்ட்டையும் மேனுவல் சொன்ன காலத்தில் மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால், பெல்ட் மாற்ற மேனுவல் சொன்ன கிலோமீட்டரைத் தாண்டவே கூடாது. பெல்ட் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், பிறகு எஞ்சினையே இறக்க வேண்டும்.

6. எஞ்சின் ஃப்ளஷ், எஞ்சின் கோட்டிங், இன்ஜெக்டர் க்ளீனிங், டெஃப்லான் கோட்டிங், ஏசி டிஸ்இன்ஃபெக்ட்: இவை மேனுவல் அட்டவணையில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது. வண்டியில் குறை தெரிந்தால் செய்யுங்கள். ஐடிலிங்கில் எஞ்சின் தடுமாறினால் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்வதில் நியாயம் உண்டு. ஏசியில் புழுங்கல் வாடை வந்தால் அதையும் கவனிக்க வேண்டியதுதான். ஒரு குறையும் இல்லாத வண்டிக்கு, 'வருஷம் ஒரு தடவை பண்ணிடுங்க சார்' என்பது வியாபாரம்.

7. அண்டர்பாடி கோட்டிங் ஊரைப் பொறுத்தது. நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ கடற்கரையை ஒட்டி நிற்கும் கார் என்றால் உப்புக்காற்று துருவேற்றும். அடியில் விளக்கடித்துப் பார்த்து முடிவு செய்யலாம். திருச்சியில் ஓடும் புது வண்டிக்கு அவசரமே இல்லை.

8. ஏர் ஃபில்டரும் ஏசி ஃபில்டரும் பல கார்களில் வீட்டிலேயே கழற்றிப் பார்க்கக்கூடியவை. ஏசி ஃபில்டர் பெரும்பாலும் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். கடையில் வாங்கி நீங்களே மாட்டினால் லேபர் மிச்சம்.

9. ஏசி கேஸ் தானாகத் தீர்ந்துபோகாது. குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால் அடுத்த கோடையில் திரும்பவும் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

10. பெரிய தொகை அடங்கியிருக்கும் சொல் 'அசெம்ப்ளி'. ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை என்றால் சர்வீஸ் சென்டரில் மொத்தமாக மாற்றச் சொல்வார்கள். கார்பன் பிரஷ்ஷோ பேரிங்கோ மட்டும் போயிருந்தால், நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் கழற்றிச் சரிசெய்துவிடுவார். லோயர் ஆர்மிலும் அப்படித்தான், பல வண்டிகளில் புஷ் மட்டும் மாற்றலாம். இந்த மாதிரி வேலைக்கு வெளியிலும் ஒரு விலை கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பிரேக்ஸ் இந்தியா, ரானே, லூகாஸ் டிவிஎஸ் போன்ற சென்னை நிறுவனங்கள் கார் கம்பெனிகளுக்கும் பாகங்கள் கொடுக்கின்றன, கடைகளுக்கும் விற்கின்றன. சென்னை ஜி.பி. ரோடு போன்ற ஸ்பேர்ஸ் கடைத்தெருவில் விசாரித்தால் நியாயமான விலை தெரிந்துவிடும். போலிகளும் உண்டு. பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

11. கம்பெனிக்கே கொடுக்க வேண்டிய வேலைகளும் இருக்கின்றன. ஏர்பேக், ஏபிஎஸ், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், சாவி கோடிங், ஹைப்ரிட் அல்லது மின்சாரக் காரின் பேட்டரி ஆகியவற்றில் ரோட்டோர ஒர்க்‌ஷாப்பை நம்பிப் பரீட்சை பார்க்க வேண்டாம்.

12. வாரண்டி இருக்கும்வரை அட்டவணைப்படியான சர்வீஸை கம்பெனியிலேயே செய்து, பில்களைப் பத்திரப்படுத்துங்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் தடுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது. வெளியே ரிப்பேர் செய்தால் வாரண்டி முழுவதும் ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்றும் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆகவே சட்டம் பேசுவதைவிட, வாரண்டி காலத்தில் கையில் பில் இருப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு. ட்ரீட்மென்ட் வேண்டாம் என்று சொன்னால் வாரண்டி போய்விடும் என்றால் மட்டும் விடாதீர்கள். அந்த விதியை வாரண்டி புத்தகத்தில் காட்டச் சொல்லுங்கள்.

13. ஜாப் கார்டு போடும்போதே, 'என்னைக் கேட்காமல் கூடுதல் வேலை செய்யக் கூடாது, மாற்றிய பழைய பாகங்கள் எனக்கு வேண்டும்' என்று எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி பல வேலைகளைத் தானாகவே குறைத்துவிடும்.

14. 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். முன்பு பலவற்றுக்கு 28 ஆக இருந்தது. லேபருக்கும் 18தான். பாக்கெட்டில் அச்சிட்ட எம்ஆர்பியில் வரியும் அடக்கம், அதற்கு மேல் வரி போட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

15. பெரிய பழுது என்றால் பணம் கட்டும் முன், உங்கள் சேசிஸ் எண்ணுக்கு ரீகால் அறிவிப்பு இருக்கிறதா என்று கம்பெனி இணையதளத்தில் பாருங்கள். இருந்தால் இலவசமாகவே செய்து தர வேண்டும்.

16. பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த பணம் ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஜாப் கார்டு, எஸ்டிமேட், வாட்ஸ்அப் பேச்சு, பில் நான்கையும் சேர்த்துக் கொடுங்கள்.